செயற்கைக்கோள் வானொலியில் அலைவரிசைகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கித் தருகிறேன். பணி நிமித்தம் அமெரிக்காவின் டாலஸ் நகரில் சில ஆண்டுகள் இருந்தபோது, காரில் சந்தா செலுத்திச் செயற்கைக்கோள் வானொலி கேட்டிருக்கிறார். அவர் விரும்பிக் கேட்ட கருவியிசை அலைவரிசை ஒரு நவம்பரில் கிறிஸ்துமஸ் பாடல்களாக மாறியது. ஜனவரியில் திரும்பியபோது அதன் எண் வேறாக இருந்தது. சில மாதங்களில் காரிலிருந்தே மறைந்து, கைப்பேசிச் செயலியில் மட்டும் கிடைக்கத் தொடங்கியது. "பணம் கட்டுகிறவன் நான், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்ற இவர்களுக்கு என்ன உரிமை? திருச்சியில் என் தந்தை ஆசையாக வாங்கிய வோர்ல்ட்ஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலியும் இப்படித்தானே போயிற்று? இதற்குக் கேட்பவர் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? அப்பாவின் பெட்டியைத் தூக்கி எறிவதா, வைத்துக்கொள்வதா?" என்பவை அவருடைய கேள்விகள்.

உரிமையைப் பற்றிய பகுதிக்கு விடை சிறியது. சந்தாதாரர் வாங்குவது ஒரு தொகுப்பைக் கேட்கும் அனுமதியை மட்டுமே. தொகுப்புக்குள் இருக்கும் எந்த ஓர் அலைவரிசையையும் அவர் வாங்குவதில்லை. நிகழ்ச்சிகளைச் சேர்க்கவும் நீக்கவும் இடம் மாற்றவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற வாசகம் இத்தகைய சேவைகளின் ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும். நம் ஊரில் கட்டணத் தொலைக்காட்சியில் ஒளிவழிகள் தொகுப்பை விட்டு வெளியேறும்போதும் இதே வாசகத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆகவே சட்டப்படி வழக்காட அதிக இடமில்லை. ஆனால் ஏன் மாற்றுகிறார்கள் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்வதற்கு முன், எரிச்சலில் ஒன்றாகக் கலந்துவிடும் மாற்றங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண் மட்டும் மாறுவது ஒரு வகை. அது தொல்லையே தவிர இழப்பன்று. ஒரு பருவத்துக்கோ ஒரு கலைஞரின் விளம்பரத்துக்கோ அலைவரிசையைச் சில வாரங்கள் வேறொன்றுக்குக் கொடுப்பது இன்னொரு வகை. இரண்டு அலைவரிசைகளை இணைப்பதும், ஒன்றை மூடுவதும், செயலிக்குத் தள்ளுவதும் மூன்றாவது. பெயரும் எண்ணும் அப்படியே இருக்க, உள்ளே ஒலிக்கும் பாடல்களின் வட்டம் மட்டும் மெல்லச் சுருங்கிப்போவது நான்காவது. இந்த நான்காவதை யாரும் அறிவிப்பதில்லை. கேட்பவரும் பல மாதங்கள் கழித்தே உணர்கிறார். என் கணிப்பில், பழைய சந்தாதாரர்களின் கசப்புக்குப் பெரும்பகுதிக் காரணம் இதுதான். முதல் மூன்றும் கண்ணுக்குத் தெரிவதால் பழி அவற்றின்மேல் விழுகிறது.

எல்லா மாற்றங்களுக்கும் அடியில் இருப்பது அலைக்கற்றையின் அளவு. அமெரிக்க அரசு 1997இல் செயற்கைக்கோள் வானொலிக்காக நடத்திய ஏலத்தில் இரண்டு நிறுவனங்கள் உரிமம் பெற்றன. பின்னாளில் சிரியஸ் எனப் பெயர் பெற்றது 8 கோடியே 33 லட்சம் டாலரும், எக்ஸ்எம் எனப் பெயர் பெற்றது 8 கோடியே 99 லட்சம் டாலரும் கொடுத்தன. ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது 2.3 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 12.5 மெகாஹெர்ட்ஸ். அதற்குள் ஒரே தகவலை இரண்டு செயற்கைக்கோள்கள் வழியாகவும் தரையிலுள்ள மறுஒலிபரப்பு நிலையங்கள் வழியாகவும் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். கார் பாலத்தின் அடியில் நுழைந்தாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாதல்லவா! பிழைதிருத்தத்துக்கு ஆகும் பங்கையும் கழித்துவிட்டால், எக்ஸ்எம் சேவையில் கேட்பவரின் காதுக்கு மிஞ்சியது வினாடிக்குச் சுமார் 4 மெகாபிட்தான். ஒரு கைப்பேசிக் காணொளிக்குப் போதுமான அந்த அளவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அலைவரிசைகளை அடைத்திருந்தார்கள்.

வோர்ல்ட்ஸ்பேஸ் கணக்கு இன்னும் தெளிவானது. அதன் ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் அனுப்பிய ஒவ்வொரு ஒலிபரப்புத் தொகுதியும் வினாடிக்கு 16 கிலோபிட் கொண்ட 96 அலகுகளால் ஆனது. மொத்தம் 1,536 கிலோபிட். ஓர் இசை அலைவரிசைக்கு 64 கிலோபிட் கொடுத்தால் 24 அலைவரிசைகள் கிடைக்கும். தரம் வேண்டுமென்று 128 கொடுத்தால் எண்ணிக்கை 12ஆகக் குறையும். பேச்சுதானே என்று 32 கொடுத்தால் 48 வரை போகலாம். பந்தியில் இலைகளை எண்ணிப் போட்டாகிவிட்டது. புதிதாக ஒருவர் உட்கார வேண்டுமானால் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டும், அல்லது எல்லாரும் நெருக்கியடித்து உட்கார வேண்டும்.

நெருக்கியடித்து உட்காருவதன் விலையைக் காதால் கேட்கலாம். அமுக்கப்பட்ட ஒலியில் முதலில் அடிபடுவது உச்ச அதிர்வெண்கள். கச்சேரி ஒலிபரப்பில் ஜால்ராவின் கணீரென்ற முனை மழுங்கும், தம்பூராவின் சீரான ரீங்காரம் நடுங்கத் தொடங்கும், கைதட்டல் சரசரப்பாகிவிடும். பாடகரின் குரலுக்குப் பெரிய பாதிப்பு தெரியாது என்பதால், பாட்டு ஏதோ சரியில்லை என்று தோன்றுமே தவிர எது சரியில்லை என்று பிடிபடாது. புதிதாக ஒரு விளையாட்டு அலைவரிசை சேர்ந்த வாரத்தில் பழைய இசை அலைவரிசையின் ஒலி மங்கியதாகக் கேட்பவர்கள் குறை சொன்னால், அது வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. மூடாமலே ஓர் அலைவரிசையைப் பாதி மூடும் வழி அது.

இந்தப் பின்னணியில் 2008ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். எக்ஸ்எம் 2001லும் சிரியஸ் 2002லும் சேவையைத் தொடங்கி, நட்சத்திர அறிவிப்பாளர்களுக்கும் விளையாட்டு உரிமங்களுக்கும் பணத்தை வாரி இறைத்து, இரண்டுமே கடனில் தத்தளித்தன. 2007 பிப்ரவரியில் இணைப்பை அறிவித்து, 2008 ஜூலையில் அரசின் ஒப்புதலோடு சிரியஸ் எக்ஸ்எம் என்ற பெயரில் ஒன்றாயின. போட்டியாளர் இல்லாத நிலை ஏற்படுவதால் அமெரிக்கத் தொடர்பு ஆணையம் நிபந்தனைகளை விதித்தது: 36 மாதங்களுக்குக் கட்டணத்தை உயர்த்தக் கூடாது, கொள்ளளவில் 4 விழுக்காட்டை வணிக நோக்கற்ற கல்வி நிகழ்ச்சிகளுக்கும் இன்னொரு 4 விழுக்காட்டைச் சிறுபான்மையினரை உள்ளிட்ட தனித் தரப்பினருக்கும் ஒதுக்க வேண்டும், சிறிய தொகுப்புகளையும் விற்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. விலையைக் காத்தார்கள், கேட்பவர் அந்த விலை கொடுத்து வாங்கிய இசைப் பட்டியலைக் காக்க ஒரு வரி எழுதப்படவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி இரண்டு சேவைகளின் இசைப் பட்டியல்களையும் ஒன்றாக்கினார்கள். இரு பக்கத்திலும் ஒரே வகை இசைக்கு ஒவ்வோர் அலைவரிசை இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது. காலையில் காரைக் கிளப்பியவர்கள் பழக்கப்பட்ட பொத்தானை அழுத்தினால், திரையில் அறிமுகமில்லாத பெயர். பழகிய அறிவிப்பாளரின் குரலும் இல்லை. செயற்கைக்கோள் வானொலி வரலாற்றில் கேட்பவர்களின் சினம் ஒரே நாளில் இவ்வளவு மொத்தமாகத் திரண்டது அப்போதுதான்.

இங்கே ஒரு நுட்பமான காரணமும் உண்டு. இரண்டு நிறுவனங்கள் இணைந்தாலும் இரண்டு வகைப் பெட்டிகள் இணையவில்லை. சிரியஸ் ஒரு வகை ஒலிச்சுருக்க முறையையும் எக்ஸ்எம் வேறொரு முறையையும் பயன்படுத்தின. ஒன்றின் பெட்டி மற்றதன் சமிக்ஞையை எடுக்காது. கோடிக்கணக்கான கார்களில் ஏற்கெனவே பொருத்திய பெட்டிகளை மாற்றவும் முடியாது. ஆகவே ஒரே அலைவரிசையை இரண்டு செயற்கைக்கோள் அமைப்புகளிலும் தனித்தனியே ஏற்ற வேண்டியதாயிற்று. இணைப்பால் அலைக்கற்றை இரட்டிப்பாகும், எனவே தேர்வும் இரட்டிப்பாகும் என்று நம்பியவர்கள் ஏமாந்தது இதனால்தான். அலைவரிசை எண்களே இரு பக்கத்திலும் ஒன்றாவதற்கு 2011 மே வரை ஆயிற்று. அன்றும் ஒரு முறை எல்லாருடைய பொத்தான்களும் குழம்பின.

நிர்வாகச் சிக்கல்களும் அலைவரிசைகளை மாற்றும். எக்ஸ்எம் "இசையில் விளம்பரமே இல்லை" என்று சொல்லி விற்றது. ஆனால் அதன் தொடக்க கால முதலீட்டாளர்களில் ஒன்றான கிளியர் சேனல் நிறுவனத்துக்குக் கொள்ளளவில் ஒரு பங்கை நிகழ்ச்சிகளால் நிரப்பும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தது. தகராறு நடுவரிடம் போனது. விளைவாக 2006இல் சில இசை அலைவரிசைகளில் விளம்பரங்கள் நுழைந்தன. சந்தாதாரர் ஒருவர் எவ்வளவு விழிப்போடு இருந்தாலும், பங்குதாரர்களின் பழைய ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பருவ அலைவரிசைகளும் ஒரே கலைஞருக்கான அலைவரிசைகளும் ஏன் வந்து வந்து போகின்றன என்பதற்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் பாடல்களுக்கான காரணம் எளிது: நவம்பர், டிசம்பரில் அவற்றைக் கேட்க விரும்புகிறவர்கள் மிகுதி, அவற்றுக்கென்று ஆண்டு முழுதும் இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது, ஆகவே குறைவானவர் கேட்பதாகக் கருதப்படும் அலைவரிசை எழுந்து இடம் கொடுக்கிறது. அமைதியான கருவியிசை, பழைய மெல்லிசை போன்றவையே பெரும்பாலும் இதற்கு அகப்படுகின்றன. அவற்றின் ரசிகர்கள் சத்தம் போடுகிறவர்கள் அல்லர் என்பதும் ஒரு காரணம் என்று எனக்கு ஐயம் உண்டு.

ஒரே கலைஞருக்கான அலைவரிசையின் கதை சட்டத்தோடு பின்னியது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, செயற்கைக்கோள் வானொலி ஒவ்வொரு பாடலுக்கும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டியதில்லை. பொது உரிமம் ஒன்றின்கீழ் எதையும் ஒலிபரப்பலாம். ஆனால் அதற்கு வரம்புகள் உண்டு. 3 மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து 3 பாடல்களுக்கு மேல் போகக் கூடாது, அவற்றிலும் 2க்கு மேல் அடுத்தடுத்து வரக் கூடாது. ஒரே கலைஞரின் பாடல்கள் 4க்கு மேல் போகக் கூடாது, அவற்றிலும் 3க்கு மேல் அடுத்தடுத்து வரக் கூடாது. நாள் முழுதும் ஒருவரையே ஒலிக்கவைக்க வேண்டுமானால் பதிவுகளின் உரிமையாளரிடம் தனி இசைவு பெற வேண்டும். எல்விஸ் பிரெஸ்லிக்கு 2004 முதல் ஓர் அலைவரிசை நிலைத்து நிற்கிறது. அத்தகைய நீண்ட ஏற்பாடு எல்லாருக்கும் அமைவதில்லை. புதிய ஆல்பம் வெளிவரும் சமயத்தில் இரண்டு தரப்புக்கும் ஆதாயம் இருக்கும், சில வாரங்களுக்கு இசைவு கிடைக்கும், அலைவரிசை முளைக்கும், வேலை முடிந்ததும் மறையும். அந்தச் சில வாரங்களுக்கு இடம் விட்டுக் கொடுத்த அலைவரிசையின் ரசிகருக்கு மட்டும் இதில் ஆதாயம் ஏதுமில்லை.

அதே சட்டத்தில் இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. எந்தெந்தப் பாடல்கள் ஒலிக்கப்போகின்றன என்ற பட்டியலை முன்கூட்டியே வெளியிடக் கூடாது. கேட்பவர்கள் பதிவு செய்துகொள்வார்கள் என்ற அச்சம் அதற்குக் காரணம். அடுத்த மணி நேரத்தில் என்ன வருகிறது என்று ஏன் சொல்வதில்லை என்று அந்தச் சேவைமேல் சலித்துக்கொள்பவர்கள், அந்தச் சலிப்பைச் சட்டத்தின்மேல் திருப்ப வேண்டும். ஆனால் ஓர் அலைவரிசையையே அடுத்த வாரம் மூடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்வதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை. என் கண்டனம் முழுவதும் அந்த இடத்தில்தான். இடப் பற்றாக்குறையை நான் ஏற்பேன். பண நெருக்கடியையும் ஏற்பேன். காலையில் பொத்தானை அழுத்தித்தான் கேட்பவர் செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மரியாதையற்ற செயல்.

இப்போது நான்காவது வகை. பாடல் வட்டம் சுருங்குவதற்குப் பதிப்புரிமைச் செலவு காரணம் என்று சிலர் சொல்வதுண்டு, அது சரியன்று. 2018 முதல் 2027 வரை சிரியஸ் எக்ஸ்எம் பதிவுகளுக்காகச் செலுத்தும் பொது உரிமத் தொகை, வருவாயில் 15.5 விழுக்காடு என்று நிர்ணயமாகியிருக்கிறது. அது வருவாயின்மேல் வைத்த பங்கே தவிர, பாட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கன்று. 300 பாடல்களைச் சுழற்றினாலும் 3,000 பாடல்களைச் சுழற்றினாலும் விழுக்காடு ஒன்றுதான்.

உண்மையான காரணம் சந்தா எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் புதுக் கார் வாங்குபவருக்குச் சில மாதங்கள் இலவசமாக இந்தச் சேவை கிடைக்கிறது. இலவசக் காலம் முடியும்போது எத்தனை பேர் பணம் கட்டத் தொடங்குகிறார்கள் என்பதில்தான் நிறுவனத்தின் எதிர்காலம் தொங்குகிறது. அந்தப் புதியவர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே போவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவருக்குத் தெரிந்த பாட்டு ஒலித்தால் தங்குவார், தெரியாத பாட்டு ஒலித்தால் அடுத்ததற்குத் தாவுவார். ஆகவே நிகழ்ச்சி அமைப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடல்களையே திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். பத்து ஆண்டுகளாகப் பணம் கட்டிவருபவரோ வேறு எங்கும் கேட்காத பாட்டைத் தேடித்தான் வந்தவர். சேவை புதியவரை நோக்கி முகத்தைத் திருப்பியிருக்கிறது. பழையவர் தன் கார் வந்து நின்ற இடத்திலேயே நிற்பார் என்ற நம்பிக்கை அதற்கு இருக்கிறது. வணிகமாகப் பார்த்தால் இதில் தவறில்லை என்று வாதிடலாம். ஆனால் தாம் கேட்கும் அலைவரிசை ஒரு மனிதரின் ரசனையால் ஆனது என்று நம்பிச் சேர்ந்தவருக்கு அது கணினி அட்டவணையாக மாறியது தெரியும்போது வரும் எரிச்சல் நியாயமானதே.

இன்னொரு குறையும் சேர்ந்துகொள்கிறது. செயற்கைக்கோள் ஒலிபரப்பு ஒருவழிப் பாதை. வானத்திலிருந்து சமிக்ஞை வருகிறது. காரிலிருந்து எதுவும் திரும்பிப் போவதில்லை. நெடுநாள் வரை, எந்த அலைவரிசையை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை ஆய்வுக் கேள்விகள் மூலமே ஊகிக்க வேண்டியிருந்தது. செயலியில் கேட்பவர்களின் ஒவ்வொரு தட்டலும் கணக்கில் ஏறுகிறது. கைப்பேசிக் கட்டமைப்போடு இணைந்த புதிய வகைக் கார் வானொலிகள் 2018 முதல் வரத் தொடங்கியபின் அவற்றிலிருந்தும் விவரம் கிடைக்கிறது. பழைய பெட்டியில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தவரின் விருப்பம் மட்டும் எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை. சிறு அலைவரிசைகள் செயலிக்குத் தள்ளப்படுவதன் பின்னணி இதுவே. இணையத்தில் இலைகளுக்குப் பஞ்சமில்லை, கேட்பவரும் எண்ணிக்கையில் வந்துவிடுகிறார். ஆனால் நீண்ட நெடுஞ்சாலையில் கைப்பேசிச் சமிக்ஞை அறுந்துபோகும் இடங்களில் கேட்பதற்காகத்தானே பலரும் செயற்கைக்கோள் வானொலியை வாங்கினார்கள்!

சிங்கப்பூர்வாசிகளுக்கு இந்தக் கோபம் சற்று அந்நியமாகத் தோன்றலாம். நம் தமிழ் வானொலி ஒன்றே ஒன்று, ஒலி 968. அதன் சிக்கல் நேர்மாறானது: திரைப்பாடல், பக்தி, செய்தி, உரையாடல், இளையர் நிகழ்ச்சி அத்தனைக்கும் ஒரே அலைவரிசையில் நேரம் பிரிக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சியின் நேரத்தை மாற்றினால் மறுநாளே தொலைபேசியில் கேட்டுவிடுவார்கள். அறிவிப்பாளர்களைத் தேக்காவில் கடைவாசலிலேயே பார்த்துக் கேட்கக்கூடிய ஊர் இது. ஆனால் நம் ஊரிலும் நிலையங்கள் மறைந்திருக்கின்றன. மாற்றிசைக்குப் பேர்போன லஷ் 99.5 ஆங்கில நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1949இல் கம்பிவழியாகத் தொடங்கிப் பல தலைமுறையினர் மாதக் கட்டணம் செலுத்திக் கேட்ட ரெடிஃப்யூஷன் 2012இல் நின்றது. மீடியாகார்ப் நிறுவனம் 1999இல் தொடங்கிய இலக்கமுறை வானொலிச் சேவையும் 2011இல் முடிவுக்கு வந்தது. அதற்கென்று தனிப் பெட்டி வாங்கியவர்கள் அவற்றை எடுத்து வைத்துவிட்டார்கள். கட்டண வானொலியும் தனிப் பெட்டி வானொலியும் நிலைப்பதில்லை என்பதை அமெரிக்காவுக்குப் போய்த்தான் கற்க வேண்டும் என்பதில்லை.

வோர்ல்ட்ஸ்பேஸ் பற்றிய கேள்விக்கு விடை: இல்லை, அது வேறு நோய். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990இல் தொடங்கிய அந்த நிறுவனம், ஏழை நாடுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தியும் கல்வியும் கொண்டுசெல்லும் நோக்கத்தோடு பிறந்தது. 1998இல் ஆப்பிரிக்காவுக்காக ஆஃப்ரிஸ்டாரும் 2000இல் ஆசியாவுக்காக ஆசியாஸ்டாரும் ஏவப்பட்டன. தொடக்கத்தில் பெட்டி வாங்கினால் போதும், சந்தா இல்லை. பின்னர் சந்தா முறைக்கு மாறி, இந்தியாவைப் பெரிய சந்தையாகக் கொண்டது, ஏ.ஆர்.ரகுமான் அதன் விளம்பர முகமாக இருந்தார். தமிழுக்குக் கேஎல் ரேடியோ, கர்நாடக இசைக்கு ஷ்ருதி என்று தனித்தனி அலைவரிசைகள் இருந்தன. நாள் முழுதும் கர்நாடக இசை ஒலிக்கும் வானொலி என்பது அதற்கு முன் தமிழ்நாட்டு வீடுகள் அறியாத ஒன்று. வாசகரின் தந்தை ஆசையாக வாங்கியதில் வியப்பில்லை.

அதன் வீழ்ச்சிக்குக் காரணம் அலைவரிசைகளை மாற்றியது அன்று, பணம் தீர்ந்தது. அமெரிக்காவில் சேவை காருக்குள் புகுந்து பிழைத்தது. இந்தியாவில் அது வீட்டு ஜன்னலோடு நின்றுவிட்டது. நகரங்களில் தரைவழி மறுஒலிபரப்பு அமையாததால் ஓடும் வண்டியில் கேட்க வழியில்லை. 2008 அக்டோபரில் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. இந்தியச் சேவை 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது. அமெரிக்கச் சந்தாதாரர் தமக்குப் பிடித்த ஒன்றை இழந்து மற்றவற்றை வைத்துக்கொண்டார். திருச்சிச் சந்தாதாரருக்கு எல்லாமே ஒரே இரவில் போயிற்று.

இடையில் ஒரு செய்தி: சிங்கப்பூர் வீட்டில் அந்தப் பெட்டியை வைத்துக் கேட்க முயன்றிருந்தால் வேடிக்கையாக இருந்திருக்கும். ஆசியாஸ்டார் நின்றது கிழக்கு 105 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே. திருச்சியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில் சுமார் 57 பாகை உயரத்தில் இருக்கும். ஜன்னல் விளிம்பில் உணர்கொம்பைச் சாய்த்து வைத்தால் போதும். சிங்கப்பூருக்கோ அது ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல், 88 பாகை. உணர்கொம்பை வானம் பார்த்து மல்லாத்தி வைக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டின் ஜன்னலுக்கு நேர் மேலே தெரிவது மேல் வீட்டின் ஜன்னல்தான். மேலும், அந்தச் செயற்கைக்கோள் மூன்று தனித்தனி வீச்சுகளில் ஒலிபரப்பியது. இந்தியாவுக்கு ஒன்று, நம் வட்டாரத்துக்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் பட்டியல் தனி.

கேட்பவர் என்ன செய்யலாம்? மறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன், எண்ணை விட்டுவிட்டுப் பெயரைக் கொண்டு தேட வேண்டும். காரின் பொத்தான் நினைவில் வைத்திருப்பது எண்ணாகவே இருக்கக்கூடும், அதனால் இடம் மாறிய அலைவரிசை மூடப்பட்டதாகத் தோன்றும். பருவ மாற்றமாக இருந்தால், அதே அலைவரிசை அந்த வாரங்களில் செயலியில் தொடர்கிறதா என்று பார்க்கலாம், பெரும்பாலும் தொடரும். உண்மையாகவே மூடியிருந்தால், குறையைச் சந்தா புதுப்பிக்கும் தேதிக்கு முன் எழுத வேண்டும், பின் அல்ல. "இந்த அலைவரிசைக்காகவே நான் சந்தா கட்டுகிறேன்" என்று அதன் பெயரைக் குறிப்பிட்டு, விலகும் முடிவோடு பேசுகிறவரின் சொல்லுக்கு மட்டுமே கொஞ்சம் எடை உண்டு. பொதுவாக "இசை முன்போல் இல்லை" என்று எழுதினால் நன்றி தெரிவித்து ஒரு பதில் வரும், அவ்வளவுதான். கேட்டவர்களின் குரலால் சில அலைவரிசைகள் திரும்பி வந்ததும் உண்டு. ஆனால் அதை நம்பி ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்ட வேண்டாம். மாதச் சந்தாவே நல்லது.

ஓர் அலைவரிசையின் சுவை அதன் நிகழ்ச்சி அமைப்பாளரிடம் இருக்கிறது என்பதால், அவர் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வது பயனுள்ளது. வேலை இழந்த அறிவிப்பாளர்கள் பலர் பின்னர் இணைய வானொலியில் அதே ரசனையோடு நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார்கள். அலைவரிசைப் பெயரைத் தேடுவதைவிட அவர்கள் பெயரைத் தேடினால் விரைவில் கிடைக்கும். பிடித்த பாட்டு ஒலிக்கும்போதே திரையில் தெரியும் பெயரைக் குறித்துக்கொள்ளும் பழக்கமும் வேண்டும். முன்பட்டியல் கிடைக்காத ஊடகத்தில் அது ஒன்றே ஆவணம்.

சிங்கப்பூரில் இருந்தபடி, வோர்ல்ட்ஸ்பேஸ் கொடுத்த இடையறாத சாஸ்திரிய இசையைத் தேடுகிறவருக்கு, அகில இந்திய வானொலி 2016 ஜனவரி 26 அன்று தொடங்கிய ராகம் என்ற 24 மணி நேர அலைவரிசையைச் சொல்வேன். கர்நாடகமும் இந்துஸ்தானியும் மாறி மாறி வரும். இணையத்திலும் செயலியிலும் கட்டணமின்றிக் கேட்கலாம். அறிவிப்புகள் சற்று விறைப்பாக இருக்கும், சில பதிவுகளின் ஒலித்தரம் பழையது, ஆனால் புதியவரைக் கவர வேண்டிய அவசரம் அதற்கு இல்லை. ஈசூன், உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஜோகூர் பாரு பக்கத்துத் தமிழ் ஒலிபரப்பும் சாதாரணப் பெட்டியிலேயே எட்டக்கூடும். ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

தந்தையின் பெட்டியைப் பொறுத்தவரை: செயற்கைக்கோள் பகுதிக்கு இனி உயிர் வராது. சமிக்ஞை நின்றுவிட்டது, அந்தப் பெட்டியின் சில்லு வேறெந்தச் செயற்கைக்கோள் வானொலியையும் புரிந்துகொள்ளாது, சிரியஸ் எக்ஸ்எம் சேவையோ அமெரிக்காவையும் கனடாவையும் தாண்டி வராது. ஆனால் ஹிட்டாச்சி, சான்யோ போன்ற நிறுவனங்கள் தொடக்கத்தில் செய்த மாதிரிகளில் எஃப்.எம்., மத்திய அலை, சிற்றலை ஆகியவையும் சேர்ந்தே இருந்தன. பெட்டியின் முகப்பில் அலைவரம்பை மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மின்கலப் பெட்டியில் பழைய மின்கலங்கள் கசிந்திருக்கின்றனவா என்று சோதித்துச் சுத்தம் செய்தபின், மின்இணைப்புக் கொடுத்துத் திருச்சி வானொலியைத் தாராளமாகக் கேட்கலாம்.